உட்கார்ந்தே பழகிய உடம்பை மீட்பது: முதல் 12 வாரங்கள்

பத்து, பதினைந்து வருடம் நாற்காலியிலேயே கழித்தவர் ஒரு திங்கட்கிழமை புது ஷூ மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினால், மூன்றாவது வாரம் பெரும்பாலும் நொண்டிக்கொண்டு வீட்டில் உட்காருவார். சோம்பல் என்று ஊர் சொல்லும், காரணம் வேறு. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கும் உள்ளங்கால் சவ்வுக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது வாரமே மூச்சு வாங்குவது குறைந்து, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று ஆசை வரும். கால் அதற்குத் தயாராக இருக்காது.

ஆகவே முதல் ஆறு வாரம் உங்களால் முடிவதைவிடக் குறைவாகவே செய்யுங்கள். எடை குறைவது தட்டில் நடக்கிற வேலை. நடையும் பயிற்சியும் மூச்சுக்கும் மூட்டுக்கும் தசைக்கும். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்

வயது 40-ஐத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தாலோ, மாடி ஏறும்போது நெஞ்சில் பாரம் தெரிந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, ஹீமோகுளோபின், தைராய்டு (டிஎஸ்எச்) ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஈசிஜி தேவையா என்பதை அவர் சொல்வார்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்காக எழுதப்பட்டது. சாப்பாடு குறைந்து நடையும் கூடினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் இருட்டினால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். மாத்திரையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம். அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து இடுப்பளவு. பேன்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுபவருக்கு அது பல வருடம் மாறாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அதிகம். பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) கணக்கும் நமக்குத் தனி: 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன். அதே பிஎம்ஐயில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்பதால் உலக அளவுகோல் இங்கே சரிவராது.

இன்னும் மூன்றைக் குறித்து வையுங்கள். கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, 1 கி.மீ. நடக்க எத்தனை நிமிடம், சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் எத்தனை விநாடி. எடை மெஷின் மனதை நோகடிக்கும் வாரங்களில் இந்த மூன்றும் உண்மையைச் சொல்லும்.

நடை

முதல் இரண்டு வாரம் நாளைக்கு 15 நிமிடம், வாரம் ஐந்து நாள். அதன் பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள்: மூன்றாவது வாரம் 20, நான்காவது 25, ஐந்தாவது 30, ஆறாவது 35. ஐந்தாவது வாரத்திலேயே வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிடும்; உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம். கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. சாவகாசமாகப் பாட முடிந்தால் அது உலாத்தல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் தனியாக நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் பகுதி விரலால் அழுத்தினால் மடங்கக் கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்போடு தார்ச்சாலையில் நடப்பதும், நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதும் குதிகால் வலியை வரவழைக்கும்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தினால் உள்ளங்கால் சவ்வு புண்பட்டிருக்கிறது. நடையைப் பாதியாக்குங்கள். சுவரில் கை ஊன்றி, பின்காலை நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை 30 விநாடி இழுங்கள். மூன்று முறை, காலையும் மாலையும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவதும் உதவும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டுப் பழகுங்கள். மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலை மறைந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் குறைக்க வேண்டும். வீங்கினாலோ நொண்டினாலோ நிறுத்த வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. தலைசுற்றல், உடம்பு சிலிர்ப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். தெருநாய்த் தொல்லையும் மழையும் உள்ள நாட்களுக்கு மொட்டைமாடி, மண்டபம், வீட்டுக் கூடம் எல்லாம் போதும்; அழகான பூங்கா கட்டாயமில்லை.

தசைக்கு வாரம் இரண்டு நாள்

பலரும் விடுவது இதைத்தான், குறிப்பாக 50 தாண்டிய பெண்கள். தசைப்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை குறைந்திருக்கும், ஆனால் தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும். செவ்வாய், வெள்ளி என்று இடைவெளி விட்டு இரண்டு நாள், 20 நிமிடம். ஜிம் வேண்டியதில்லை.

முதலில் நாற்காலிப் பயிற்சி. கை இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாய்ந்து எழுங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும்; தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போயிற்று. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது, அதுதான் முட்டிவலிக்கு வழி. எழ முடியாதவர்கள் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். எட்டு முறையாக இரண்டு சுற்றில் தொடங்கி, 12 முறையாக மூன்று சுற்றுக்கு வந்ததும் 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துச் செய்யுங்கள்.

தண்டால் சுவரிலிருந்து தொடங்கட்டும். கை நீளம் தள்ளி நின்று சுவரில் ஊன்றித் தள்ளுங்கள். 15 எளிதாக வந்தால் சமையல் மேடைக்கு வாருங்கள், பிறகு மாடிப்படி, கடைசியில் தரை. தள்ளுவதற்கு ஈடாக இழுக்கவும் வேண்டும்: பள்ளிப் பையில் 3 முதல் 5 கிலோ புத்தகம் போட்டு, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்புவரை இழுங்கள். முதுகு வளையக் கூடாது. கணினி முன் கூன் விழுந்த தோளுக்கு இதுவே மருந்து. பிறகு பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. இரண்டும் பத்துப் பத்து, இரண்டு சுற்று.

இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்ற நிலையிலேயே ஒவ்வொரு சுற்றையும் நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை விடுங்கள். அடுத்த நாள் தொடங்கி மூன்று நாள் வரை தசை வலிப்பது இயல்பு. தாங்க முடியாத வலியோடு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போடுபவருக்கு இது வருவதுண்டு.

தொப்பைக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. படுத்து எழும் பயிற்சியை எத்தனை செய்தாலும் கரையும் கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும்தான் போகும். தொப்பை பெல்ட் வியர்வையை மட்டும் எடுக்கும்.

தட்டு

75 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் நன்றாக நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும். 100 கிராம் சோற்றில் அதே 130 கலோரி. நடந்து முடித்து இரண்டு வடை சாப்பிட்டால் கணக்கு நஷ்டத்தில் போகும். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. நாளைக்கு 500 குறைந்தால் வாரம் சுமார் அரை கிலோ இறங்கும், போகப் போக அதுவும் மெதுவாகும். ஆறு மாதத்தில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரியும்.

அந்த 500 எங்கிருந்து வரும்? மதியச் சோறு 300 கிராம் என்றால் 180 ஆக்குங்கள்: 155 கலோரி. ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பாருங்கள், கண் அளவு எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். காபி, டீ மூன்று வேளைக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுபவர் மொத்தம் இரண்டாகக் குறைத்தால் 80. சாயங்கால மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், 100. எண்ணெயைத் தாளிப்பில் அளக்க முடியாது, மாதக் கணக்கில் அளக்கலாம்: நால்வர் வீட்டில் மாதம் 4 லிட்டர் போனதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு நாளைக்கு 100 கலோரி மிச்சம். ஆக 435, நடையும் சேர்ந்தால் 500 தாண்டிவிடும். பட்டினி எங்கும் வரவில்லை.

குறைத்த சோற்றின் இடத்தில் பொரியலும் கூட்டும் வரவேண்டும். தட்டில் பாதி காய், கால் சோறு, கால் புரதம். புரதம் கிலோ எடைக்கு 1 கிராம் அளவு இருந்தால் பசியும் அடங்கும், தசையும் நிற்கும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்). ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, 100 கிராம் பனீரில் 18, ஒரு கிண்ணம் சுண்டலில் 8, உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, ஒரு டம்ளர் பாலில் 6. சாம்பாரை நம்பி ஏமாற வேண்டாம். தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு பெயருக்குத்தான் இருக்கும். சைவ வீடுகளில் நிஜமான குறை இங்கேதான்.

சோற்றுக்குப் பதில் வரகு, சாமை சாப்பிட்டால் இளைக்கும் என்பதில் பாதி உண்மை. நார்ச்சத்து கூடுதல், கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவுதான். அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை நகராது. இரவில் மூன்று சப்பாத்தியும் குருமாவும் அப்படியே. நாளைக்கு 800 கலோரி என்று விற்கும் டயட்டுகளும் மாவு டப்பாக்களும் வேண்டாம். வேகமாக இளைத்தால் முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேரும்.

முள் நகராத வாரங்கள்

முதல் பத்து நாளில் 2 கிலோ இறங்கினால் அதில் பெரும்பங்கு தண்ணீர். பயிற்சி தொடங்கியதும் தசை நீர் பிடித்து ஒரு கிலோ ஏறலாம். கல்யாண விருந்து, ஊறுகாய், மாதவிடாய்க்கு முந்திய நாட்கள் எல்லாம் அதே போல. காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நான்கு வாரம் இடுப்பும் எடையும் சேர்ந்து நின்றால்தான் தேக்கம். அப்போதும் சோற்றில் கை வைக்கும் முன் எண்ணெய்க் கணக்கையும், குழந்தைகள் தட்டில் மீந்ததை வாயில் போடும் பழக்கத்தையும் பாருங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால் அதே இடத்தில் தொடரலாம். மூன்று வாரம் போனால் இரண்டு படி பின்னால் வாருங்கள். டெங்கு, சிக்குன்குனியா வந்து எழுந்தவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகு முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சிக்குன்குனியா மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும், அந்த நாட்களில் நாற்காலிப் பயிற்சியே போதும். எந்த நாளானாலும் நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

12-ஆவது வாரம் பழைய மூன்று சோதனைகளையும் இடுப்பளவையும் மறுபடி எடுங்கள். இடுப்பு இறங்கி எடை நின்றிருந்தால் உணவை மாற்ற வேண்டாம். 45 நிமிடம் வலியின்றி வேகமாக நடக்க முடிந்தால் ஓட்டத்தைச் சேர்க்கலாம்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுச் சுற்று, வாரம் மூன்று நாள். முட்டியில் வலி இருப்பவர்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுக்கலாம். சீட்டின் உயரம், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும் அளவு இருக்கட்டும்.