ஜெராக்ஸ் கடையில் ஏன் கூட்டம்? வரிசைக் கோட்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரே மெஷின், ஒரே ஆள். மணிக்குச் சராசரியாக 12 பேர் வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. கூட்டம் சேருமா என்று கேட்டால், நிகழ்தகவு பாடத்தை முடித்த மாணவர்கள்கூட, "5 நிமிடத்துக்கு ஒருவர்தானே வருகிறார், 4 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், கூட்டமே இருக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள். காத்திருக்கும் வரிசைகளின் கணிதமான வரிசைக் கோட்பாடு இடம்பெறும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் படிப்பில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன்.

கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவர் ஹால் டிக்கெட்டை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு அரை நிமிடத்தில் போய்விடுவார். அடுத்தவர் 80 பக்க ரெக்கார்டு நோட்டை நீட்டுவார். மூன்று பேர் சேர்ந்தாற்போல வருவார்கள். அப்புறம் பத்து நிமிடம் ஈ காக்கை இருக்காது. கடைக்காரர் சும்மா இருந்த அந்தப் பத்து நிமிடத்தை எடுத்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. வரிசை உண்டாவது இதனால்தான்.

வருகை பாய்சான் (ஒருவர் வருவது இன்னொருவரைச் சாராமல் தற்செயலாக நடப்பது), சேவை நேரம் எக்ஸ்பொனென்ஷியல் (பெரும்பாலும் குறைவு, எப்போதாவது மிக நீளம் என்று மாறுவது) என்று வைத்துக்கொண்டால் லாம்டா, அதாவது மணிக்கு வருவோர் எண்ணிக்கை, 12; மியூ, அதாவது ஓயாமல் வேலை செய்தால் மணிக்கு முடித்து அனுப்பக்கூடியவர் எண்ணிக்கை, 15. ஒருவர் கடையில் இருக்கும் சராசரி நேரம் 1/(மியூ − லாம்டா) மணி, அதாவது 20 நிமிடம். அதில் 16 நிமிடம் வெறும் காத்திருப்பு. எல்லோருக்கும் கச்சிதமாக 4 நிமிடம்தான் என்றால் அந்தக் காத்திருப்பு பாதியாகி 8 நிமிடமாகும். சரி, தேர்வு நேரத்தில் 12 பேர் 14 ஆனால்? கூடியது இரண்டே பேர். ஆனால் 20 நிமிடம் 60 நிமிடமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை கைப்படப் போட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

4 நிமிடம் என்பதை அப்படியே மியூவாக எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்களும் உண்டு. மியூ என்பது வேகம், நேரம் அல்ல.

பாய்சானை எல்லா இடத்திலும் போடுவது அடுத்த தவறு. டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளுக்கு அதைப் பயன்படுத்தினார். அங்கே ஒருவரை ஒருவர் அறியாத பலர் அவரவர் தேவைக்கு அழைக்கிறார்கள், அதனால் பொருந்தியது. மணி அடித்ததும் ஒரு வகுப்பே கடைக்கு ஓடி வந்தால் அது பாய்சான் இல்லை.

பேருந்துக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். சராசரி இடைவெளி 10 நிமிடம் என்றால் காத்திருப்பு 5 நிமிடம் என்று எழுதிவிடுகிறோம். இடைவெளிகள் 5, 15 என்று மாறி மாறி வருவதாக வையுங்கள். நீங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேரும் நேரம் நான்கில் மூன்று பங்கு 15 நிமிட இடைவெளிக்குள்தான் விழும். அங்கே சராசரிக் காத்திருப்பு 7.5 நிமிடம், மற்றதில் 2.5. அந்தப் பங்குகளின்படி சேர்த்தால் 6.25 நிமிடம். பேருந்துகள் பாய்சான் முறையில் வந்தால் முழு 10 நிமிடமே காத்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி எளிமையானது: உள்ளே இருப்போரின் சராசரி எண்ணிக்கை = வருகை வேகம் × ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரம். வருகையும் சேவை நேரமும் எந்தப் பரவலில் அமைந்தாலும் பொருந்தும். இங்கே எந்த லாம்டாவைப் போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே நாற்காலி உள்ள சலூன். ஆள் இருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார். மணிக்கு 4 பேர் வருகிறார்கள், முடி வெட்ட 15 நிமிடம். மேலே கடைக்குச் சொன்னது போலவே வருகை பாய்சான், சேவை நேரம் எக்ஸ்பொனென்ஷியல் என்றால் நாற்காலி பாதி நேரம் நிறைந்திருக்கும், ஆகவே உள்ளே போவது மணிக்கு 2 பேர்தான். உள்ளே இருப்போரின் சராசரி அரை ஆள்; அந்த அரையை 2-ஆல் வகுத்தால் கால் மணி. 4-ஆல் வகுத்தவருக்கு 7.5 நிமிடம் என்று விடை வரும், அதாவது பாதித் தலை வெட்டியதும் எழுந்து போவதாக.