மாகாணம், கவர்னர், மத்திய அரசு: அமெரிக்க அரசமைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டெக்சாஸ் மாகாண கவர்னர்" என்று தமிழ்ச் செய்தியில் பார்த்ததும் நம் மனதில் வருபவர் யார்? டெல்லி அனுப்பிவைத்தவர், ராஜ்பவனில் இருப்பவர், சட்டமன்றம் கூடும்போது அமைச்சரவை எழுதிக் கொடுத்த உரையை வாசிப்பவர் (வாசிக்காமல் போனால் அதுவும் செய்திதான்). அந்த உருவத்தை வைத்துக்கொண்டு மீதிச் செய்தியைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. டெக்சாஸ் கவர்னர் அந்த ஊர் மக்களிடம் நேரடியாக ஓட்டு வாங்கி ஜெயித்தவர். நம் கணக்கில் முதலமைச்சருக்குப் பக்கத்தில் வருவார். ஆனால் பதவியில் நீடிக்க அவருக்குச் சட்டமன்றப் பெரும்பான்மைகூடத் தேவையில்லை. அமெரிக்க அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. குடியரசுத் தலைவர் ஆட்சி மாதிரி ஒன்றை அங்கே கொண்டுவர வழியே இல்லை.

செய்தி மொழிபெயர்க்கிற வேலையில் நானும் பல வருஷம் 'மாகாணம்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். கவர்னரைவிடப் பெரிய வில்லங்கம் இந்தச் சொல்தான். சென்னை மாகாணம் என்பது வெள்ளைக்காரன் தன் ஆட்சி வசதிக்காக வகுத்த பகுதி. இலங்கையின் வட மாகாணமும் மேலிருந்து கோடு போட்டு வகுத்ததுதான். மேலே ஒரு அரசு முதலில் இருக்கும், மாகாணம் பிறகு வரும். அமெரிக்காவில் வரிசை தலைகீழ். 1783 பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டிஷ் மன்னர் "அமெரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளவில்லை. நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் பே என்று தொடங்கி 13 பெயர்களையும் சொல்லி, இவை சுதந்திரமும் இறையாண்மையும் கொண்ட அரசுகள் என்று ஏற்றுக்கொள்கிறார். 'ஸ்டேட்' என்ற சொல்லை அவர்கள் நாடு என்ற பொருளில்தான் எடுத்தார்கள். 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்று எழுதிய பழைய தமிழ்க்காரர்கள் விவரமானவர்கள்.

பிற்பாடு சேர்ந்த 37 மாநிலங்களில் பெரும்பாலானவை கூட்டாட்சி அரசு (வாஷிங்டன்) வகுத்த ஆட்சிப்பகுதிகளாக இருந்து வளர்ந்தவை, உண்மைதான். ஆனால் உள்ளே வந்தபின் மூத்த 13-க்குச் சமமான தகுதி. ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புது மாநிலம் அமைக்க அதன் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. இந்தியாவில் 2014-இல் ஆந்திர சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பிறகும் நாடாளுமன்றம் தெலங்கானாவைப் பிரித்தது. இரண்டும் கூட்டாட்சிதான், ஆனால் இரண்டு வேறு வீடுகள்.

அடுத்த தவறு ஆண்டுக் கணக்கில். சுதந்திரப் பிரகடனம் 1776, அரசமைப்பு 1787. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனே அரசமைப்பையும் எழுதினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அரசமைப்பு எழுதப்பட்ட கோடையில் அவர் பாரிசில் தூதராக இருந்தார். பிரகடனக் குழுவில் அவரோடு இருந்த ஜான் ஆடம்ஸ் லண்டனில். நடுவில் விழுங்கப்படும் அந்த 11 ஆண்டுகளில்தான் கதையே இருக்கிறது.

1781-இல் 13 மாநிலங்களும் ஏற்ற முதல் உடன்பாட்டில் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. (காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம். இதிலும் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.) தெருவில் குடியிருப்போர் சங்கம் சந்தா கேட்பதுபோல மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். கொடுத்தால் உண்டு. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். உடன்பாட்டைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். இருப்பதிலேயே சிறிய ரோட் ஐலண்ட் முடியாது என்றது, அதோடு சரி. 1786-இல் மாசசூசெட்சில் கடனில் மூழ்கிய விவசாயிகள், சுதந்திரப் போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் போன்றவர்களின் தலைமையில் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். நீதிமன்றம் நடந்தால்தானே ஜப்தி. அதை அடக்க காங்கிரசால் படை திரட்ட முடியவில்லை. கடைசியில் பாஸ்டன் பணக்காரர்கள் கைக்காசு போட்டுப் படை அனுப்பினார்கள்.

இந்தப் பின்னணி தெரியாததால் வருவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு: "மத்திய அரசின் கையைக் கட்டிப்போடவே அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்டது." கட்டுப்பாடுகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய மாநிலப் பிரதிநிதிகளின் கவலை, கை இல்லாத ஓர் அரசுக்குக் கை வைப்பது எப்படி என்பதுதான். பழைய உடன்பாட்டைத் திருத்தத்தான் அவர்களை அனுப்பினார்கள். போனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாகவே ஒன்றை எழுதிவிட்டார்கள். 13-ம் ஒப்ப வேண்டும் என்ற விதியையும் தூக்கிப்போட்டு, 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்றார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை.

"நாங்கள், ஐக்கிய நாடுகளின் மக்கள்" என்று தொடங்கும் முகப்பைப் பலரும் அழகுக்கு எழுதிய வரி என்று கடந்துபோகிறார்கள். ஆகஸ்ட் மாத வரைவில் அந்த இடத்தில் மாநிலங்களின் பட்டியல் இருந்தது: நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் என்று ஒவ்வொரு பெயராக, அவற்றின் மக்களாகிய நாங்கள் என்று. செப்டம்பரில் நடையைச் சீர்செய்த குழுவில் கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது இங்கே பதவி இல்லை, அவர் பெயரே அது) பட்டியலை நீக்கினார். எந்த 9 மாநிலங்கள் ஏற்கும் என்று யாருக்கும் தெரியாதபோது பட்டியலை வைத்து என்ன செய்வது? காரணம் இப்படி நடைமுறை சார்ந்ததாகவே இருக்கலாம், விளைவு பெரிது. அடுத்த ஆண்டு, புது அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில், அதை எதிர்த்த பேட்ரிக் ஹென்றி எழுந்து, 'நாங்கள், மாநிலங்கள்' என்று எழுதாமல் 'மக்கள்' என்று எழுத இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டார். சரியான இடத்தில்தான் கை வைத்தார். ஏற்பளிக்கும் வேலையையும் மாநிலச் சட்டமன்றங்களிடம் விடாமல், மக்கள் அதற்கென்றே தேர்ந்தெடுத்த மாநாடுகளிடம் கொடுத்திருந்தார்கள். ஆக, மாநில அரசும் மக்களிடமிருந்து வந்தது, புது அரசும் மக்களிடமிருந்து வந்தது. ஒன்று மற்றொன்றின் கிளை அல்ல.

இதைப் பிடித்துக்கொண்டால், "மேலே மத்திய அரசு, கீழே மாநிலம்" என்ற நம் ஏணிப்படம் அங்கே ஏன் பொருந்தாது என்பது விளங்கும். அதிபர் யாருக்கு வேண்டுமானாலும் மன்னிப்பு கொடுக்கலாம் என்று எழுதுகிறோம். மாநிலச் சட்டப்படி தண்டிக்கப்பட்டவரை அவரால் மன்னிக்க முடியாது. அலபாமாவில் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்த ஒரே குற்றத்துக்கு மாநிலமும் வழக்குப் போட்டது, கூட்டாட்சி அரசும் போட்டது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். இரண்டும் இரண்டு தனி இறையாண்மைகள், ஆகவே இரண்டு குற்றங்கள் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப்தான் சரிபார்க்க வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டபோது, மாநில அதிகாரிக்கு நீ வேலை ஏவ முடியாது என்று 1997-இல் அதே நீதிமன்றம் தடுத்தது. கஞ்சா விஷயமும் இப்படித்தான். 2012-இல் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் தடை அப்படியே இருந்தது, ஆனால் மாநிலப் போலீசைக் கொண்டு அதை அமல்படுத்தச் சொல்ல வாஷிங்டனால் முடியாது.

அதற்காக எதிர்முனைக்குப் போய்விடவும் கூடாது. இரண்டு சட்டங்கள் நேருக்கு நேர் மோதினால், அரசமைப்புக்கு உட்பட்ட கூட்டாட்சிச் சட்டம்தான் நிற்கும். 'ஒப்படைக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும்' என்ற பத்தாவது திருத்தத்தைச் சிலர் பிரம்மாஸ்திரம் மாதிரி வீசுகிறார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று, அங்கே இல்லாத ஒரு சொல். பழைய உடன்பாட்டில் 'வெளிப்படையாக' ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் என்று இருந்தது. திருத்தத்திலும் அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள், அரசமைப்பை வடித்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்தார், சொல் விழுந்துவிட்டது. 1819-இல் மேரிலாந்து மாநிலம் கூட்டாட்சி வங்கிக்கு வரி போட்ட வழக்கில், தலைமை நீதிபதி மார்ஷல் அந்த விடுபட்ட சொல்லைத்தான் சுட்டிக்காட்டினார். வங்கி தொடங்கலாம் என்று எழுதியில்லாவிட்டாலும், எழுதிய வேலைகளைச் செய்ய அது தேவைப்பட்டால் தொடங்கலாம் என்றார்.

உரிமைகள் பற்றிய திருத்தங்களிலும் ஒரு பழகிப்போன தவறு இருக்கிறது. பேச்சுரிமைக்குத்தான் முதலிடம் என்பதால் அது முதல் திருத்தம் ஆனது என்பார்கள். 1789-இல் காங்கிரஸ் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய 12 திருத்தங்களில் அது மூன்றாவது. முதல் இரண்டும் அப்போது தேறவில்லை. அதில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது, 1992-இல் 27-வது திருத்தமாக வந்து சேர்ந்தது. தவிர, அந்த உரிமைகள் தொடக்கத்தில் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. மாசசூசெட்சில் 1833 வரை தேவாலயத்துக்காக வரி வசூலித்தார்கள், யாராலும் தடுக்க முடியவில்லை. அந்த உரிமைகள் மாநிலங்கள்மீதும் பாய்வதற்கு 1868-இன் பதினான்காவது திருத்தமும், அப்புறம் இருபதாம் நூற்றாண்டின் தீர்ப்புகளும் வேண்டியிருந்தன.

அடிமைமுறை பற்றி இரண்டு தவறுகள். "அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதன் என்றது அரசமைப்பு" என்பது கேட்க உறைக்கும், ஆனால் வாதம் திசைமாறிப் போகும். அது மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைப் பங்கிடும் கணக்கு: ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது. அடிமைகளை முழுதாக எண்ணு என்று கேட்டவர்கள் அவர்களுக்கு ஓட்டே தராத எஜமானர்கள்தான். எண்ணவே கூடாது என்றவர்கள் எதிர்த்தரப்பு. முழுதாக எண்ணியிருந்தால் எஜமானர்களுக்கு இன்னும் இடங்கள் கிடைத்திருக்கும்.

மற்றது, மாநில உரிமைக்காகத்தான் அடிமைமுறை இருந்த தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்தன என்பது. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்துபோனபோது அதற்கான காரணங்களை எழுதி வெளியிட்டது. படித்துப் பாருங்கள். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்று தொடங்கி 13 வட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. குற்றம் என்ன? ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டத்தை, அந்த மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டம் போட்டுச் செல்லாக்காசாக்கின என்பதுதான்.