மாடலைத் திட்டுவதற்கு முன்

"இன்னாப்பா, ஒரே பேட்டைய ரெண்டு தபா போட்டிருக்கு?" என்றார் கடைக்கார அக்கா. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி, சுடிதார் விற்கும் கடை. வாட்ஸ்அப்பில் வரும் முகவரிகளைச் சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடலிடம் கொடுத்து, ஏரியா பெயரைப் பிரித்து, ஏரியாவாரியாகப் பார்சலை எண்ணும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதையே கோ (Go) என்ற இன்னொரு நிரல் மொழிக்கு மாற்றிய அன்றுதான் இந்தக் கேள்வி. பட்டியலில் கொருக்குப்பேட்டை 11. நாலு வரி கீழே இன்னொரு கொருக்குப்பேட்டை 3.

பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மாடல் உளறுகிறது என்று முடிவு கட்டினேன். வேறு மாடல் போட்டேன், பிராம்ப்டை (மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையை) மாற்றினேன், கையோடு நிரலை மாடலோடு இணைக்கும் பிரேம்வொர்க்கையும் மாற்றினேன். இரண்டு ராத்திரி போச்சு. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று யாருக்குத் தெரியும்? முதல் தவறு அது.

உண்மையான கோளாறு 'கொ'வில் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானில் இந்த இரண்டு வடிவத்தையும் என்.எஃப்.சி. என்ற முறைப்படி ஒன்றாக்கும் ஒரு வரி போட்டிருந்தேன். கோ மொழியின் அடிப்படை நூலகத்தில் அந்த வசதி இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். மாற்றி எழுதும்போது அந்த வரி விட்டுப்போனது.

கொருக்குப்பேட்டை என்ற இதே சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். பைத்தான் யூனிகோடு குறிகளை எண்ணி 16 என்று சொல்லும், கோ 48 பைட் என்று சொல்லும், ஸ்விஃப்ட் என்ற மொழி முழு எழுத்தாக எண்ணி 8 என்று சொல்லும். நாம் வாயால் எண்ணினாலும் 8தான். கொம்பும் காலும் பிரிந்திருந்தால் பைத்தானில் 17, கோவுக்கு 51, ஸ்விஃப்டில் அப்போதும் 8; அது இரண்டையும் ஒரே சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே நீண்ட ஆவணத்தை '500 எழுத்து' வீதம் வெட்டி மாடலுக்குக் கொடுக்கும் நிரலை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப்போட்டால், வெட்டு வேறு இடத்தில் விழும். ட் என்பதன் ட ஒரு துண்டிலும் புள்ளி அடுத்ததிலுமாகப் பிரிந்து கிடக்கும்.

மாடலின் பதிலைத் துண்டு துண்டாக வாங்கும்போதும் இதே பாடுதான். யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். நடுவில் முறிந்தால் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் பைட்டை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டீகோடருக்கு 'ஸ்ட்ரீம்' தெரிவைக் கொடுத்தால் மிச்ச பைட்டை அடுத்த துண்டு வரும்வரை வைத்துக்கொள்ளும்.

வீட்டு லேப்டாப்பில் மாடல் ஓட்டுகிறவர்கள் சூழல் நீளத்தை, அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவை, கவனிப்பதில்லை. அப்படி ஓட்ட உதவும் ஒல்லாமா என்ற மென்பொருளில், நாம் மாற்றாவிட்டால் அது நெடுநாள் 2048 டோக்கனாக (மாடல் உரையை உடைத்துப் படிக்கும் துண்டு) இருந்தது, பிறகு 4096 ஆனது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பொதுவாக அதிக டோக்கன் ஆகும். நீண்ட பட்டியலைக் கொடுத்தால் ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். மாடல் 'மறந்துவிட்டது' என்போம். அதற்குக் காட்டவே இல்லை.

மாடலையே நிரல் எழுதச் சொன்னால் வேறு வகைத் தலைவலி. ஓப்பன்ஏஐயின் பைத்தான் நூலகம் 2023 நவம்பரில் 1.0 ஆனபோது அழைக்கும் முறையே மாறியது. அதன் பிறகும் நெடுநாள் மாடல்கள் பழைய முறையில் எழுதிக்கொண்டிருந்தன. லாங்செயின் என்ற பிரேம்வொர்க்கிலும் பல பகுதிகள் தனித் தொகுப்புகளாகப் பிரிந்து இடம் மாறின. பிழைச் செய்தியை ஒட்டி ஒட்டி மாடலோடு மல்லுக்கட்டுவது வீண். உங்களிடம் இருக்கும் பதிப்பு எண்ணையும் அந்தப் பதிப்பின் ஆவணப் பக்கத்தையும் கொடுங்கள். மாடல் சொல்லும் தொகுப்பின் பெயரைத் தேடிப் பார்க்காமல் நிறுவவும் வேண்டாம். இல்லாத பெயரைக் கற்பனை செய்து சொல்லும். அந்தப் பெயரிலேயே யாராவது விஷ நிரலைப் பதிந்து வைத்திருக்கலாம்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுப்பதும் அரைகுறை வேலை. 2021இல் வந்த ஹியூமன்இவால் என்ற நிரல் எழுதும் தேர்வு 164 கணக்குகள் கொண்டது, அத்தனையும் பைத்தான். அதில் வாங்கிய மார்க்கை வைத்து ரஸ்ட் என்ற வேறு மொழியில் எப்படி எழுதும் என்று சொல்ல முடியாது.

நான் இப்போது முதலில் செய்வது ஒன்றுதான். பிரேம்வொர்க் கடைசியாக மாடலுக்கு அனுப்பும் கோரிக்கையை அப்படியே அச்சிட்டுப் பார்ப்பேன். நாம் எழுதாத ஆங்கில வாக்கியங்கள், நாம் வைக்காத டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அளவு) எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டெம்பரேச்சரைப் பூஜ்ஜியம் வைத்தாலும் பதில் சில சமயம் மாறும். ஆகவே ஒரே முகவரிப் பட்டியலை ஐந்தாறு தடவை ஓட்டிவிட்டுத்தான் இரண்டு மாடலை ஒப்பிடுவேன்.

விட்டுப்போன வரியைச் சேர்த்தபின் கொருக்குப்பேட்டை 14 என்று ஒரே வரியாக வந்ததும் அக்காவிடம் காட்டினேன். அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. "சீக்கிரம் கட்டுப்பா, ரயில்வே கேட்டு போட்டானா பையன் அங்கியே நிக்கணும்" என்றார்.