பொலிஸ் தண்டச் சீட்டு பிழையெண்டால்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில வாகனத்தை மறிச்சு எழுதின சீட்டு பிழையெண்டு நினைச்சால், உடனே தபால் கந்தோருக்கு ஓடிக் காசு கட்டாதீங்க. கட்டினால் கதை முடிஞ்சுது, வழக்காட ஏலாது. 14 நாளுக்குள்ள கட்டாட்டி ரெண்டு மடங்கு, 28 நாள் தாண்டினால் நீதவான் நீதிமன்றம். அதால முதல் கிழமையே சட்டத்தரணியைக் கேளுங்க. வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. குறைஞ்ச வருமானக்காரருக்கு இலவசம், சம்பள விபரம் கேப்பாங்க.

அண்டைக்கே இடத்தைப் படமெடுங்க: அழிஞ்ச வெள்ளைக் கோடு, மரக்கொப்பு மறைச்ச பலகை. நேரத்தையும் எழுதி வையுங்க. லைசன்சுக்குப் பதிலாத் தந்த துண்டைத் தொலைச்சிடாதீங்க. அம்பாறையில வழக்கு சிங்களத்தில நடந்தால், தமிழ் மொழிபெயர்ப்புக் கேக்கிறது உங்கட உரிமை, வெக்கப்படாமக் கேளுங்க. சின்னத் தண்டமெண்டால் சட்டத்தரணிக் காசு அதை விட மிஞ்சும், அதையும் கணக்குப் பாருங்க.