ஓய்வெடு, ஓய்வெடு என்றே முடக்கிவிடாதீர்கள்: புற்றுநோயும் கூட்டு உடற்பயிற்சியும்

கீமோ ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை யாரும் எழுந்து நடக்கச் சொல்வதில்லை. "நீங்கள் அசையாதீர்கள், என்ன வேண்டுமோ கேளுங்கள்" என்று வீடே கட்டிலைச் சுற்றி நிற்கும். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் சிகிச்சைக் காலத்தின் முதல் தவறு பெரும்பாலும் இந்த அன்பில்தான் தொடங்குகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை தரும் அயர்ச்சி, வயலில் வேலை செய்துவிட்டு வந்த களைப்பைப் போன்றதல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அது போவதில்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் தொடையிலும் இடுப்பிலும் தசை குறைகிறது. தசை குறைந்தவருக்குக் குளியலறைக்குப் போய்வருவதே பெரிய வேலையாகிறது. அந்த அசதியில் அவர் மேலும் படுக்கிறார். மூன்று மாதம் கழித்து, "மருந்து இப்படி ஆக்கிவிட்டது" என்று எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடுகிறோம். பாதிப் பழி கட்டிலுக்கு உரியது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கீமோ நடந்துகொண்டிருந்தவர்களையே குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2009இல் வெளிவந்தன. 21 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 269 பேர். பயிற்சிக் குழுவுக்கு வாரம் ஒன்பது மணி நேரம், ஆறு வாரம். எடைப் பயிற்சி, சைக்கிள், தளர்வுப் பயிற்சி, மசாஜ் எல்லாம் அதில் இருந்தன. ஆறு வார முடிவில் அவர்களுடைய அயர்ச்சி குறைந்தது, தசை வலு கூடியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூளைக்கோ எலும்புக்கோ நோய் பரவியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எலும்பு விஷயத்தில் அதற்கான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் கூட்டிய நிபுணர் குழு 2019இல் தந்த அளவு எளிமையானது: மூச்சு சற்று வாங்கும்படியான பயிற்சி வாரத்தில் மூன்று நாள், முப்பது நிமிடம், தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். அயர்ச்சி, மனச்சோர்வு, பதற்றம், அன்றாட வேலை செய்யும் திறன் ஆகியவற்றில் இந்த அளவே பலன் தருகிறது. மூச்சு எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்க நாடியை எண்ண வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

"வீட்டிலேயே செய்துகொள்கிறேன்"

இதைச் சொல்பவர்களில் செய்பவர்கள் சிலரே. மன உறுதி இல்லாததால் அல்ல. ஊசி போட்ட வாரத்தில் வாய்ப்புண், மறுவாரம் வயிற்றுக் கோளாறு, அடுத்த வாரம் ஸ்கேன் முடிவுக்கான காத்திருப்பு. தள்ளிப்போட நியாயமான காரணம் தினமும் ஒன்று கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு எட்டுப் பேர் உங்களை எதிர்பார்க்கிறார்கள் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. கூட்டுப் பயிற்சியின் முதல் பலன் தசையில் தெரிவதல்ல, வருகையில் தெரிவது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 203 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அத்தோடு பன்னிரண்டு வாரக் கூட்டு வகுப்பு. உடல் திறனிலும் மனநிலையிலும் கிடைத்த பலன் ஆறு மாதம் கழித்தும் நீடித்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் வகுப்புக்கு வந்தவர்களே அதிகம் இயங்கிக்கொண்டிருந்தார்கள்.

தலைமுடி கொட்டியவர் தொப்பியில்லாமல் வந்து நிற்கக்கூடிய இடங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன? கூட்டு வகுப்பு அப்படி ஓர் இடம். அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அனுதாபப் பார்வையைத் தாங்க வேண்டியதில்லை. "எனக்கும் நகம் கறுத்தது, ஆறு மாதத்தில் சரியானது" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதைக் கேட்கும்போது வரும் தெம்பை மருத்துவரால் தர முடியாது.

கையைத் தூக்கவே கூடாதா?

மார்பக அறுவையில் அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்த பெண்களுக்கு நெடுங்காலம் ஒரே அறிவுரைதான்: அந்தக் கையால் கனம் தூக்காதே, கை வீங்கிவிடும். பலர் அந்தக் கையைப் பீங்கான் பாத்திரம் போல வைத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடம் வேண்டாம், காய்கறிப் பை வேண்டாம், பேரக் குழந்தையைக்கூடத் தூக்க வேண்டாம். தோள் இறுகியது. இறுகிய தோளால் சோளிக்குள் கையை நுழைக்கவே சிரமப்பட்டார்கள்.

கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி 1996இல் இதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் தயார்செய்து, பிறகு பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். கைக்கும் தோளுக்கும் இதைவிடக் கடுமையான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை கிடைப்பது அரிது. யாருக்கும் புதிதாக நிணநீர் வீக்கம் வரவில்லை. அந்தப் பருவம் முடிந்த பிறகும் பெண்கள் படகை விடவில்லை. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளைக்கும் ஒன்று உண்டு.

24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்று யாரும் சொல்லலாம், சரிதான். ஆனால் 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் அமெரிக்காவில் வந்த ஆய்வு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களையே எடுத்துக்கொண்டது. வாரம் இரண்டு முறை எடை தூக்கியவர்களில் வீக்கம் திடீரென மோசமானவர்கள் 14 சதவீதம். தூக்காதவர்களில் 29 சதவீதம். பல்லாண்டு அறிவுரை தலைகீழாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பத்துக் கிலோ டம்பெல்லைத் தூக்கினால் அது எதிர்ப்பக்கத் தவறு. அந்தப் பெண்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள், கையில் அழுத்த உறை அணிந்திருந்தார்கள், முதல் பதின்மூன்று வாரம் பயிற்றுநரின் கண்முன்னே செய்தார்கள், சிறிது சிறிதாகவே எடையைக் கூட்டினார்கள். நடுவில் சில வாரம் விட்டுப்போனால் எடையைக் குறைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். பலர் கையை வலிக்கச் செய்துகொள்வது இந்த இடத்தில்தான்.

எந்தக் குழுவானாலும் சரி என்று சேர்வது

பூங்காவில் காலை ஐந்தரை மணிக்குக் கூடும் யோகா வகுப்பு நல்ல வகுப்பாகவே இருக்கலாம். ஆனால் அங்கே அறுபது பேருக்கு ஒரே ஆசனம்தான். நோயைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு, பின்வரிசையில் நின்று மற்றவர்கள் செய்வதையே செய்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்றுநருக்கு நீங்கள் சொல்லாதது எதுவும் தெரியாது.

எலும்புக்குப் பரவிய நோய் என்றால், முதுகெலும்பும் இடுப்பும் தொடையெலும்பும் எளிதில் முறியக்கூடிய நிலையில் இருக்கலாம். சாதாரணமாகக் குனிந்து முறுக்கும் ஓர் ஆசனமே போதும். இவர்கள் பயிற்சியே செய்யக் கூடாது என்பதல்ல. எந்த எலும்பில் நோய் இருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்து, அந்த இடத்தில் சுமை விழாதபடி வகுத்துக் கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வேண்டும். சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போனவர், உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறுங்காலில் கூழாங்கல் பாதையில் நடப்பதைப் பார்த்தால் பதறுகிறது. காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. நல்ல ஷூ, சமதளம், பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி, இவை அவருக்கு மருந்துக்குச் சமம். வயிற்றில் ஸ்டோமா பை (துளை வழியே மலமோ சிறுநீரோ சேரும் பை) இருப்பவர் மூச்சை அடக்கிக் கனம் தூக்கினால் அங்கே குடலிறக்கம் வரலாம். கைவழியே கீமோ குழாய் பொருத்தியிருப்பவர் நீச்சல் குளத்துக்குப் போகக் கூடாது.

ஆகவே சேரும்முன் மூன்றைச் சொல்லுங்கள்: என்ன நோய், என்ன சிகிச்சை, இப்போது உடம்பில் எங்கே வலி. கேட்டுக்கொள்ள மறுக்கும் பயிற்றுநர் உங்களுக்கானவர் அல்லர்.

குழுவில் சேர்ந்த பிறகு வரும் தவறு வேறு: விடாமல் வர வேண்டும் என்ற பிடிவாதம். கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அப்போது இருமும் ஒருவர் பக்கத்தில் நிற்பதே ஆபத்து. சளி பிடித்தவரும் குழுவுக்கு வராமல் இருப்பதுதான் மரியாதை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சியைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை. நெஞ்சு வலி, தலைசுற்றல், கணுக்கால் வீக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு என்றாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் குறைந்திருக்கும் வாரத்தில் எவ்வளவு செய்யலாம் என்பதை ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவரே சொல்லட்டும்.

ஆண்கள் எங்கே?

எந்த ஊர் வகுப்பை எட்டிப் பார்த்தாலும் பெண்களே அதிகம். ஆண்களிடம் கேட்டால் "நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே" என்பார்கள். நடை நல்லதுதான், போதாது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத் தசையும் எலும்பின் அடர்த்தியும் குறையும். அதை ஈடுகட்ட, எடை தூக்குவது போன்ற எதிர்ப்பு விசை உள்ள பயிற்சி வேண்டும். டென்மார்க்கில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். வகுப்பு என்றால் வராதவர்கள் கால்பந்து என்றால் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 57 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. சராசரி வயது 67. பன்னிரண்டு வாரம் ஆடியவர்களுக்குத் தசை கூடியது, முழங்கால் வலுத்தது. சிலருக்குக் காயமும் பட்டது. கால்பந்து எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனால் நம் ஊரில் ஷட்டிலும் கேரமும் ஆடக் கூடும் ஆண்கள் அந்தச் சாக்கில் பத்து நிமிடம் எலாஸ்டிக் பட்டையை இழுக்கலாம்.

ஆய்வைத் தப்பாகப் படிப்பது

2025 ஜூனில் ஒரு செய்தி எல்லாச் செல்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது: உடற்பயிற்சி புற்றுநோயைத் தடுத்துவிட்டது. மூல ஆய்வு கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 889 பேரிடம் நடந்தது. எல்லோருக்கும் பெருங்குடல் புற்றுநோய். எல்லோரும் அறுவைச் சிகிச்சையையும் கீமோவையும் முடித்தவர்கள். மூன்று ஆண்டு முறையான பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் எட்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், படிக்க அறிவுரைத் தாள்கள் மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். மிகப் பெரிய செய்தி. ஆனால் அதில் "சிகிச்சைக்குப் பதிலாக" என்று எங்கும் இல்லை, "எல்லாப் புற்றுநோய்க்கும்" என்றும் இல்லை. அது கூட்டு வகுப்பும் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர் இருந்து, "பயிற்சி செய்தீர்களா" என்று மூன்று ஆண்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். குழு செய்வதும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான்.

இதே செய்தியின் கொடுமையான மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நோய் திரும்பியவரிடம் "ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் வந்திருக்காது" என்று சொல்வது. தயவுசெய்து சொல்லாதீர்கள். பயிற்சி செய்தவர்களுக்கும் திரும்பி வருகிறது.

குழுவே செய்யும் தவறுகள்

பத்துப் பேர் கூடும் இடத்தில் வைத்தியம் பேசாமல் இருக்க முடியாது. "உனக்கு எத்தனை கீமோ சுற்று? எனக்கு ஆறுதான். உன் டாக்டரை மாற்று" என்று தொடங்கி, முள்சீத்தாப்பழச் சாறுவரை போகும். நடத்துபவர் இதை முதல் வகுப்பிலேயே நிறுத்திவிட வேண்டும். இருவருடைய நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் ஒன்றல்ல. யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று சுவரில் எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டாம். சென்ற மாதம் முதலில் நின்றவர் இந்த மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்ய நேரலாம்.

இன்னொன்று இருக்கிறது, யாரும் பேச விரும்பாதது. இப்படிப்பட்ட குழுவில் ஒருவர் இறப்பார். சில குழுக்கள் அந்த வாரம் எதுவும் நடக்காதது போல வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. மிச்சம் இருப்பவர்கள் அமைதியாகக் கையைத் தூக்கி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், பிறகு சிலர் வருவதில்லை. அன்றைக்குப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசலாம், அழுபவர்கள் அழட்டும். மருத்துவமனை உளவியல் ஆலோசகர் ஒருவர் வந்து உட்காரச் சம்மதித்தால் நல்லது.

கடைசியாக, பன்னிரண்டு வாரத்தோடு முடித்துக்கொள்வது. பெரும்பாலான திட்டங்கள் பணத்தாலும் இடத்தாலும் அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. பதின்மூன்றாவது வாரம் எங்கே கூடுவது என்பதை எட்டாவது வாரத்திலேயே பேசிவிடுங்கள். சமுதாயக் கூடம், பள்ளி வராந்தா, யாருடைய மொட்டை மாடியானாலும் சரி. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிகள், பக்கத்தில் கழிவறை, நிழல், குடிநீர், அவசரத்துக்கு அழைக்க எல்லோருடைய வீட்டு எண்களும் எழுதிய ஒரு தாள். மாதம் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துத் திருத்த வேண்டும். உங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை கீமோ பிரிவுக்குப் போகும்போது நர்ஸிடம் கேளுங்கள். உங்களைப் போலவே கேட்ட வேறு இருவரை அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும், மூன்று பேர் இருந்தால் தொடங்கலாம்.