கடற்கரையில் மாடல் ஜெட் விடப் போகிறீர்களா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மின்விசிறி ஜெட் (உடலுக்குள் பேட்டரியில் சுழலும் விசிறி வைத்த மாடல் விமானம்) விடுபவர்கள் முதலில் பயப்பட வேண்டியது மணலுக்குத்தான். த்ராட்டிலை, அதாவது விசிறியின் வேகத்தை, முழுசாகக் கொடுத்ததும் காற்றுவாய் மணலை உறிஞ்சும், உள்ளே விசிறி இறகு சிதையும், சின்னச் சக்கரமும் புதையும், அதனால் கெட்டித்தரையாகப் பாருங்கள். பேட்டரியை ஏற்றிய பிறகே எடைமையம், அதாவது விமானத்தின் எடை சமநிலையாக நிற்கும் இடம், பார்க்க வேண்டும்: கையேடு சொல்லும் இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும், வால் தொங்கினால் அன்றைக்குப் பறக்கவே விடாதீர்கள், பேட்டரியை முன்னே தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம், கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடித்தால் காற்றை எதிர்த்து மேற்கு பார்த்தே ஓடவிடுங்கள். ப்ரொப்பெல்லர் விமானத்தில் போல விசிறிக் காற்று வால்மீது அடிக்காது என்பதால் நல்ல வேகம் சேரும்வரை எலிவேட்டரை (மூக்கைத் தூக்க வாலில் இருக்கும் மடிப்பு) இழுக்காதீர்கள். உச்சிப்புளிப் பக்கம் மட்டும் வேண்டாம், அங்கே கடற்படையின் ‘ஐ.என்.எஸ். பருந்து’ விமானத் தளம் இருக்கிறது.