பழைய பத்திரிகைல 'பெண்ணியம்'னு தேடாதீங்க

பெண்கள் வரலாறு பத்தி தீசிஸ் எழுதுறவங்க முதல்ல சறுக்குறது தேடுற வார்த்தைலதான். நானும் 1930கள்ல வந்த இதழ்கள்ல 'பெண்ணியம்'னு தேடித் தேடி ரெண்டு மாசத்த விட்டேன், ஒண்ணுமே சிக்கல, அப்ப யாரும் எதுவும் எழுதலபோலன்னு முடிவே பண்ணிட்டேன். எழுதிக் குவிச்சிருக்காங்க, ஆனா மாதர், ஸ்திரீ, பெண்மக்கள், பெண் விடுதலைன்னு எழுதியிருக்காங்க. விதவைன்னு மட்டும் போட்டா பாதிதான் வரும், கைம்பெண், கைம்மை, அமங்கலி எல்லாம் போட்டுப் பாக்கணும். தேவதாசின்னா தாசி, தேவரடியார், பொட்டுக்கட்டுதல் (கோயிலுக்குப் பெண்ண நேர்ந்து விடுற சடங்கு)னும் போட்டுப் பாக்கணும்.

வார்த்தை சரியா இருந்தும் வராது சில நேரம். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை, னை, ணா, றா எல்லாம் வேற வடிவம், ஸ்கேன் பண்ண பக்கத்த கம்ப்யூட்டர் படிக்கிறப்ப அங்கதான் தடுக்கி விழும். 'விடுதலை'க்கு கடைசி எழுத்தே லைதான், யோசிச்சுப் பாருங்க! அதனால தேடல்ல வரலன்னா இல்லவே இல்லன்னு எழுதிடாதீங்க, பக்கம் பக்கமா புரட்டித்தான் ஆகணும், வேற வழியில்ல.

அடுத்தது ஒரே பக்கத்துக் குரல மட்டும் கேக்குறது, எனக்கு ரொம்ப வருத்தம் இதுலதான். தேவதாசி ஒழிப்புன்னா எல்லாரும் முத்துலட்சுமி ரெட்டி, சட்டசபை, 1947 சட்டம்னு எழுதி முடிச்சிடுறாங்க. அவங்க செஞ்சது பெரிய காரியம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பெண்களே சங்கமா சேந்து அத எதிர்த்து மனு குடுத்திருக்காங்க, அதே சமூகத்துலேர்ந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிக்கணும்னு ஊர் ஊரா பேசி 1936ல 'தாசிகள் மோசவலை'ன்னு நாவலே எழுதியிருக்காங்க. சட்டசபைக் குறிப்பு, மனு, நாவல் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாதான் சண்டை எதுக்குன்னே புரியும்.

ஆய்வுக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலரோட நின்னுடுறதும் தப்பு. தரமணில ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர்ல ஆவணக் காப்பகம், ஈழத்துப் பெண்கள் பத்தின்னா 'நூலகம்'ங்குற இணையதளம், பெண்களோட வாய்மொழி வரலாறுன்னா 1988ல மும்பைல எழுத்தாளர் அம்பை தொடங்குன ஸ்பாரோங்குற பெண்கள் ஆவணக் காப்பகம். போறதுக்கு முன்னாடி என்ன அனுமதி வேணும்னு கேட்டுட்டுப் போங்க.

புள்ளிவிவரத்துலயும் பாத்து நடங்க. சென்சஸ்ல வீட்டு வேலை மட்டும் பாக்குற பெண் 'வேலை செய்யாதவர்' கணக்குல போவாங்க, விடிஞ்சதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னவங்கள! அந்த உழைப்பப் பத்தி எழுதணும்னா 2019ல நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயப் பாருங்க.

இன்னொண்ணு, படிக்கிறப்பவே இதழ் பேர், தேதி, பக்கம் மூணையும் எழுதி வச்சிடுங்க. நான் ஒரு பெண் எழுதுன கடிதத்த மட்டும் காப்பி பண்ணிட்டு தேதிய விட்டுட்டேன், மறுபடி போனப்ப அந்தக் கட்டுல பாதித் தாள் உதிர்ந்து கெடந்துச்சு.